மதராஸ் சுண்ணாம்பு, செலாங்கூர் செங்கல்: கோலாலம்பூர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் தமிழரின் இடம்

பழகிப்போன வாசிப்பு

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் வட கோடியில் நிற்கும் செயின்ட் மேரீஸ் பேராலயம் ஏறக்குறைய எல்லாச் சுற்றுலா நூல்களிலும் ஒரே விதமாகத்தான் அறிமுகமாகிறது. ஆங்கிலேயர் கிரிக்கெட் ஆடிய திடல், அவர்கள் மாலையில் கூடிய கிளப், ஞாயிற்றுக்கிழமை தொழுத ஆலயம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். திருச்சபை வரலாறுகளும் இந்த வரிசையைப் பெரிதாக மாற்றுவதில்லை. முதலில் ஐரோப்பியருக்கான குருவானவர் வருகிறார். பிறகு ஆலயம் எழுகிறது. அதற்கும் பிறகு, தனி அத்தியாயமாக, 'சீன ஊழியம்', 'தமிழ் ஊழியம்' என்ற தலைப்புகள் வருகின்றன. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியவர்களோ தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் என்ற நான்கிலேயே கவனத்தைக் குவித்தார்கள். கிறிஸ்தவத் தமிழரை அவர்கள் தொட்டுச் செல்வதே அரிது. அவர்களுள்ளும் ஆங்கிலிக்கன் தமிழர் இரு தரப்பு எழுத்திலும் இடம் பெறாமல் போனார்கள். இந்த விடுபடலுக்குப் பின்னால் ஓர் எண்ணம் வேரோடி இருக்கிறது: இந்தச் சபையில் தமிழர் பிந்தி வந்த விருந்தாளிகள்; ஆங்கிலேயர் கட்டிய கூரையின்கீழ் இடம் கொடுக்கப்பட்டவர்கள்.

அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். மலாய்த் தீபகற்பத்தின் ஆங்கிலிக்கன் திருச்சபை, தொடக்கத்தில் இங்கிலாந்துச் சபையின் நேர்க் கிளையாக அல்ல, இந்தியத் திருச்சபையின் நீட்சியாக உருவானது. தமிழர் அதற்குள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களை விருந்தாளிகளாகத் தோன்றச் செய்தது அச்சபையின் நிர்வாக அமைப்பு. ஆகவே, 'வரலாற்றுச் சிறப்புமிக்க ஆலயங்கள்' என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள இயலாது. ஆலயத்தின் கல்லோடு, அந்தக் கல்லின்மேல் யாருடைய ஆட்சி இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கல் சொல்லும் சாட்சி

தென்கிழக்கு ஆசியாவில் ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய ஆலயம் பினாங்கின் செயின்ட் ஜார்ஜ் ஆலயம். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வடிவமைப்பு, படைப்பொறியாளரான ராபர்ட் ஸ்மித்தின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் மதராசில், இன்று பேராலயமாக இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் எழுந்திருந்தது. முகப்புத் தூண்களிலும் கூர்முனைக் கோபுரத்திலும் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை கட்டடக்கலை அறியாதவர் கண்ணுக்கும் தப்பாது. பினாங்கு ஆலயத்தின் கூரைகூட முதலில் தட்டைக் கூரையாகவே போடப்பட்டது. அவ்வூர் மழைக்கு அது ஒத்துவராததால் 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1819 மே மாதம் அதை அர்ப்பணம் செய்து வைத்தவர் கல்கத்தாப் பேராயர் தாமஸ் மிடில்டன். மதராஸ் செயின்ட் ஜார்ஜை 1816இல் அர்ப்பணம் செய்தவரும் அவரே.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் இன்னும் தெளிவான சாட்சி. அதற்கு 1856இல் அடிக்கல் நாட்டியவர் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன். 1862இல் அர்ப்பணம் செய்தவர் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் காட்டன். வடிவமைத்த ரொனால்ட் மெக்பெர்சன் மதராஸ் பீரங்கிப்படை அதிகாரி. சுவர்களுக்குப் பூசியது 'மதராஸ் சுண்ணாம்பு'. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசுவார்கள். காய்ந்தபின் படிகக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர், 1899இல் வெளிவந்த தம் நூலில் இந்தச் செய்முறையை விவரிக்கிறார். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் காதிக் பாணி. கை வைத்துப் பார்த்தால் சோழமண்டலக் கரையின் பூச்சு.

இந்தச் சாட்சியை அளவுக்கு மேல் நீட்டக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கைதிகள் கட்டியதாலேயே ஆலயம் அவர்களுடையதாகிவிடாது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் அல்லர். தமிழரோடு வங்காளிகளும் பிறரும் கலந்திருந்தார்கள். மதராஸ் பாணி என்பதும் கிழக்கிந்தியக் கும்பெனிப் பொறியாளர்கள் ஊர் ஊராகக் கொண்டு சென்ற பாணியே தவிர, தமிழ்ச் சபைகள் தாமே தேர்ந்தெடுத்த ஒன்றல்ல. உழைப்பு ஒன்று, உரிமை வேறு. எனவே வாதம் கட்டடத்தோடு நின்றால் அது உணர்ச்சி வாதமாகவே முடியும். ஆட்சியெல்லைக்குள் போக வேண்டும்.

ஒரே பேராயரின் எல்லைக்குள்

கிழக்கிந்தியக் கும்பெனியின் 1813ஆம் ஆண்டுப் பட்டயத்தை அடுத்து, 1814இல் கல்கத்தாப் பேராயம் அமைந்தது. கும்பெனி ஆட்சிக்குட்பட்ட இந்தியப் பகுதிகள் மட்டுமல்ல, பினாங்கும் பின்னர் மலாக்காவும் சிங்கப்பூரும் அதன் பொறுப்புக்குள் வந்தன. 1835இல் மதராஸ் தனிப் பேராயமாகும் வரை தஞ்சாவூர், திருநெல்வேலித் தமிழ்ச் சபைகளுக்கும் பினாங்குச் சபைக்கும் பேராயர் ஒருவரே. இரண்டாம் பேராயர் ரெஜினால்ட் ஹீபர், தமிழ்ச் சபைகளைப் பார்வையிட வந்த பயணத்தில்தான் 1826 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். டேனியல் வில்சனோ தஞ்சைத் தமிழ்ச் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பி, வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர். அதே வில்சன் 1838இல், டச்சுக்காரர்கள் 1753இல் கட்டி முடித்திருந்த மலாக்காவின் கிறைஸ்ட் சர்ச்சை ஆங்கிலிக்கன் வழிபாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். தஞ்சாவூரின் வழக்கையும் மலாக்காவின் பூசையையும் கவனித்த மேசை ஒன்றுதான். இங்கிலாந்திலிருந்து நேராகக் கப்பலேறி வந்த சபை என்ற சித்திரத்தில் இந்த மேசைக்கு இடமே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தன. சில ஆண்டுகளுக்குள் அங்குள்ள சபைகள் கல்கத்தாவை விட்டு, 1855இல் ஏற்பட்ட லபுவான் பேராயத்தோடு இணைந்தன. அது 1881இல் சிங்கப்பூர், லபுவான், சரவாக் பேராயம் ஆனது. ஜார்ஜ் ஹோஸ் அதன் பேராயரானார். 1909இல் சிங்கப்பூர் தனித்தது. கோலாலம்பூரின் முதல் ஆங்கிலிக்கன் ஆலயம், புளஃப் ரோடு குன்றின்மேல் எழுந்த மர ஆலயம், 1887 பிப்ரவரியில்தான் அர்ப்பணம் ஆயிற்று. அதாவது கல்கத்தாத் தொடர்பு அறுந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து. அப்படியிருக்கப் பினாங்கையும் மலாக்காவையும் காட்டிக் கோலாலம்பூரைப் பற்றி எப்படி முடிவு செய்வது?

மறுப்பு ஆட்சித் தொடர்பைப் பொறுத்தவரை சரி. ஆள் தொடர்பைப் பொறுத்தவரை தலைகீழ். கல்கத்தாவின் கையெழுத்து நின்ற காலத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் பெருகி வந்தார்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலான இரயில் பாதை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது; மர ஆலயத்தின் அர்ப்பணம் அதற்கு ஐந்து மாதம் பிந்தியது. அந்த இரயிலின் தண்டவாளத்திலும் கணக்குப் புத்தகத்திலும் உழைத்தவர்களால்தான் பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் ஊர்களாயின. யாழ்ப்பாணக் கிராணிமார் பலர் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள். சுண்டிக்குளியிலும் நல்லூரிலும் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான சி.எம்.எஸ். நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களுக்கும் ஆங்கிலிக்கன் வழிபாடு ஊரிலேயே பழக்கமானது. நாசரேத்திலும் இடையன்குடியிலும் பணிபுரிந்த மற்றோர் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கமான எஸ்.பி.ஜி.யே மலாயாவிலும் ஊழியம் செய்தது. தமிழ் ஜெபப்புத்தகம் 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலேயே அச்சேறிவிட்டது. கோலாலம்பூர் என்ற ஊர் தோன்றியதோ 1857 அளவில். இவர்களுக்கு யாரும் ஆங்கிலிக்கன் சமயத்தைக் கோலாலம்பூரில் வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. பெட்டிக்குள் ஜெபப்புத்தகத்தோடு வந்திறங்கியவர்கள் அவர்கள்.

குருவானவர் ஒருபக்கம், ஊழியம் ஒருபக்கம்

அப்படியானால் விருந்தாளித் தோற்றம் எங்கிருந்து வந்தது? காலனிக் காலச் சபை இரண்டு தடத்தில் நடந்தது. ஐரோப்பியருக்கு ஒரு குருவானவர், ஓர் ஆலயம், ஒரு நிர்வாகக் குழு, அது 'சபை'. மற்ற மொழியினருக்கு உபதேசியார், மிஷன் சங்கத்தின் நிதி, கடன் வாங்கிய நேரம், அது 'ஊழியம்'. முதலாவது ஆலயச் சொத்தோடும் அரசாங்கத்தோடும் பிணைந்திருந்தது. இரண்டாவது ஆண்டுதோறும் அறிக்கை எழுதி உதவி கேட்கும் நிலையில் இருந்தது. 1874இன் பங்கோர் ஒப்பந்தம் மலாய்க்காரரின் சமயத்தையும் வழக்கத்தையும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைக்கு அப்பால் வைத்துவிட்டதால், மலாய் மாநிலங்களில் சபை வளர வேண்டுமென்றால் குடியேறிய சீனரிடமும் தமிழரிடமும்தான் வளர முடியும். ஆக, எண்ணிக்கையின் எதிர்காலம் ஊழியத்தில் இருந்தது. அதிகாரமோ சபையில் இருந்தது.

செயின்ட் மேரீஸ் கட்டடமே இதை அளந்து காட்டும். மர ஆலயம் போதாமல், அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன் புதிய ஆலயத்தைத் தொடக்ககால ஆங்கில காதிக் பாணியில் வரைந்தார். 1894 பிப்ரவரி 3ஆம் நாள் பேராயர் ஹோஸ் அடிக்கல் நாட்டினார். 1895 பிப்ரவரி 8ஆம் நாள் அர்ப்பணம் நடந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்றி வில்லிஸின் குழலிசைப் பெட்டியும் அவ்வாண்டே வந்து சேர்ந்தது. உள்ளே உட்காரக்கூடியவர்கள் 180 பேர் அளவில்தான். செலாங்கூரின் அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், அவர்கள் குடும்பங்கள் ஆகியோரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. இரயில்வேத் தமிழரும் தோட்டத் தமிழரும் அந்தக் கணக்கில் இல்லை என்பதைச் சுவரின் நீளமே ஒப்புக்கொள்கிறது.

தோட்டங்களைப் பொறுத்தவரை இலங்கையோடு ஒப்பிட்டால் மலாயாவின் நிலை இன்னும் விளங்கும். இலங்கை மலைநாட்டில் சி.எம்.எஸ்., 1850களிலேயே தோட்டத் தமிழருக்கென்று தனி ஊழிய அமைப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டது. தோட்டத்துரைமாரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். மலாயாவில் ரப்பர் பெருகிய காலத்தில் அவ்வளவு கட்டுக்கோப்பான ஏற்பாடு ஆங்கிலிக்கன் சபையிடம் இருந்ததில்லை. கிள்ளான், காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் நடந்துபோய் ஜெபம் நடத்தியவர் உபதேசியார். ஆலயப் பதிவேட்டில் கையெழுத்திடும் அதிகாரம் குருவானவருடையது என்பதால், வேலை செய்தவரின் பெயர் பெரும்பாலும் எழுத்தில் ஏறவே இல்லை.

போரும் பொறுப்பும்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்த இருதட ஏற்பாடு ஒரே அடியில் குலைந்தது. பேராயர் லியோனார்ட் வில்சன் 1943இல் சாங்கி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஐரோப்பியக் குருமார் காவலில் இருந்தார்கள். சபையை நடத்திய பொறுப்பு ஆசியக் குருமாரின் கைக்கு வந்தது. அவர்களில் முன்னணியில் நின்றவர் டி. டி. செல்லையா. நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற கல்வியாளர் அவர். குருப்பட்டம் பெற்று அதிக காலம் ஆகாத நிலையில் அந்தச் சுமை அவர்மேல் விழுந்தது. பிற்காலத்தில் அவர் ஆர்ச்டீக்கன் ஆனார். ஆளும் திறமை ஆசியருக்கு உண்டா என்ற கேள்விக்கு அந்தப் போர்க்கால ஆண்டுகளே விடை சொல்லிவிட்டன. ஆயினும் போர் முடிந்ததும் பழைய ஒழுங்கு திரும்பியது. சிங்கப்பூர், மலாயாப் பேராயத்துக்கு ஆசியர் ஒருவர், சியூ பான் இட், பேராயராக வந்தது 1966இல்தான். நாடே விடுதலை பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து! திறமை போதாமல் அல்ல, அமைப்பு விட்டுக்கொடுக்காமல் போனதால் ஏற்பட்ட தாமதம் இது என்றே கொள்ள வேண்டும்.

1970இல் அந்தப் பேராயம் இரண்டாகி மேற்கு மலேசியப் பேராயம் பிறந்தது. ரோலண்ட் கோ முதல் பேராயர். அவருக்குப்பின் 1973இல் வந்தவர் ஜான் குருபாதம் சவரிமுத்து. 1994இல் இறக்கும்வரை தீபகற்பம் முழுவதற்கும் அவரே பேராயர். 1996இல் குச்சிங், சபா, சிங்கப்பூர், மேற்கு மலேசியா ஆகிய நான்கு பேராயங்களும் சேர்ந்து தென்கிழக்கு ஆசிய ஆங்கிலிக்கன் மாகாணமாயின. அதுவரை அவை கேண்டர்பரிப் பேராயரின் நேர்ப் பார்வையில் இருந்தன. அந்த மாற்றத்துக்கு முந்திய இருபது ஆண்டுகளில் மேற்கு மலேசியாவை உள்நாட்டுச் சபையாக வடிவமைத்தவர் ஒரு தமிழர் என்பது பொது வரலாறுகளில் ஒரு வரிக்கு மேல் பெறுவதில்லை.

மொழிவாரியா, நிலவாரியா?

இங்கே கட்டுரையின் மையமான சிக்கல் வருகிறது. மலேசியாவின் மெதடிஸ்ட் திருச்சபை மொழிவாரியாக அமைந்தது. தமிழ்ச் சபைகளுக்கென்று தனித் தமிழ் ஆண்டு மாநாடு உண்டு, சீனச் சபைகளுக்கும் ஆங்கிலச் சபைகளுக்கும் தனித்தனி மாநாடுகள் உண்டு. லுத்தரன் சபையின் கதை வேறு: தரங்கம்பாடி மரபிலிருந்து வந்த தமிழ் லுத்தரன்களே மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு அடித்தளமிட்டார்கள், பிரிக்ஃபீல்ட்ஸின் சீயோன் ஆலயம் அவர்களுடையது. ஆங்கிலிக்கன் சபையோ நிலவாரியானது. ஒரு நிலப்பரப்புக்கு ஒரு பேராயர், அவர்கீழ் ஆர்ச்டீக்கன்கள், சபைதோறும் விகாரும் நிர்வாகக் குழுவும், பேராயர், குருமார், சபையார் மூவரும் கூடும் சினட் கடைசி வார்த்தை. தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய் ஆராதனைகள் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு நேரங்களில் நடக்கும்.

இதனால் தமிழருக்கு நட்டமே என்பது பலரும் சொல்லும் கருத்து. மெதடிஸ்ட் தமிழர் தம் சபை விவகாரத்தைத் தம் மொழியில் விவாதித்து, தாமே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆங்கிலிக்கன் தமிழருக்கு அவ்வாய்ப்பு இல்லை. சினட்டில் பேச ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் படித்த தமிழர் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட, தமிழ் ஆராதனை பெரிதும் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த குடும்பங்களிடம் நின்றது. ஒரே இனத்துக்குள் வகுப்புப் பிளவை ஆராதனை நேரமே வகுத்துக் கொடுத்தது. இந்த விமர்சனத்தில் உண்மை நிறைய இருக்கிறது. சவரிமுத்துவின் உயர்வைக் காட்டி இதை மறுப்பது சரியாகாது. ஒருவர் மேலே ஏறியது கீழே இருந்த தமிழ் ஆராதனைக்குத் தனி அதிகாரம் எதையும் தந்துவிடவில்லை.

எனினும் என் முடிவு வேறு. மொழிவாரி அமைப்பு தமிழருக்குத் தன்னாட்சி தருகிறது. அதே வேளையில் அந்த ஆட்சியின் எல்லையைத் தமிழரோடு நிறுத்தியும் வைக்கிறது. நிலவாரி அமைப்பில்தான் ஒரு தமிழர் சீனருக்கும் ஆங்கிலம் பேசுவோருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்துப் பேராயராக இருக்க முடிந்தது. பழைய ஆலயங்களும் மொழிவாரியாகப் பங்கு போடப்படவில்லை. செயின்ட் மேரீஸ் ஆகட்டும், கிள்ளானின் செயின்ட் பர்னபாஸ் ஆகட்டும், எந்த மொழிக்காரரும் இது எங்களுடையது மட்டும் என்று சொல்ல முடியாது. எனவே தமிழரையும் வெளியார் என்று சொல்ல முடியாது. குறை அமைப்பின் கோட்பாட்டில் இல்லை. அது மொழிக்கு நிதியும் நேரமும் சினட்டில் குரலும் ஒதுக்காத நடைமுறையில் இருக்கிறது. நடைமுறையைத் திருத்தலாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்திய ஆங்கிலிக்கர்கள் மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அந்நிகழ்வு நடந்த இடம், பினாங்குக்கு முன்மாதிரியான அதே மதராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயம். அன்றுமுதல் திருநெல்வேலித் தமிழருக்கு ஆங்கிலிக்கன் என்ற பெயர் கடந்தகாலம். கடல் கடந்த அவர்கள் உறவினருக்கு மட்டும் அது நிகழ்காலம். தாய்ச் சபையே கைவிட்ட அடையாளத்தை மலேசியத் தமிழர் சுமப்பது வெறும் பழக்கம் என்று சிலர் கருதலாம். ஆனால் மலேசியாவில் அந்த இணைப்பு வேறு வழியில் நடக்கிறது: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து நடத்தும் மலேசிய இறையியல் கல்லூரி 1979இல் தொடங்கி, இன்று சிரம்பானில் தமிழ்வழிப் படிப்பையும் அளிக்கிறது. தமிழ்ச் சபைகளுக்கு ஆயர்களைத் தரும் இடத்தில் சபைப் பிரிவுகள் ஏற்கெனவே தளர்ந்துவிட்டன.

செராஸிலிருந்து பார்த்தால்

கோலாலம்பூரின் செராஸ் இந்த வரலாற்றின் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. செராஸ் சாலைக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில், 1951 அக்டோபரில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி அடக்கம் செய்யப்பட்டார். அவசரகாலத்திலும் போரிலும் இறந்த படைவீரர்களின் கல்லறைகளும் அங்கே வரிசையாக உள்ளன. அந்த ஆங்கிலப் பெயர்களைத் தேடி வருவோர் உண்டு. இதே செராஸின் தாமான்களும் அடுக்குமாடிகளும், கடந்த அரை நூற்றாண்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நகருக்குள் வந்த தமிழரையும் சேர்த்துக்கொண்டு பெருகியவை. இங்கே காதிக் வளைவுகள் கிடையாது. புதிய வழிபாட்டிடத்துக்கு நிலம் கிடைப்பது எளிதல்ல என்பதால், கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ கிறிஸ்தவச் சபைகள் கடைவீடுகளின் மாடியில் கூடுகின்றன. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இடம் பெற அவற்றுக்கு வழியே இல்லை; ஆனால் இச்சபையின் இன்றைய தமிழ் வாழ்வை நூறாண்டு கழித்து எழுத வருபவருக்கு அவையே முதல் சான்றாக இருக்கும்.

அந்த எழுத்துக்கு வேண்டிய ஆவணம் பெரும்பாலும் சபை அலுவலக அலமாரிகளில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் ஞானஸ்நானப் பதிவேட்டின் மரபான படிவத்தில் குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில், நடத்தியவர் பெயர் ஆகியவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. இரயில்வேக் கிராணி யார், பால் வெட்டியவர் யார், எந்தத் தோட்டத்தில் எப்போது தமிழ்க் குடும்பங்கள் இருந்தன என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. ஈரமும் கரையானும் மிகுந்த நாட்டில் தாள் காத்திருக்காது. செயின்ட் மேரீஸின் கூரையைப் பழுது பார்க்கப் பணம் திரட்டும் அக்கறை இந்தப் பதிவேடுகளுக்கும் வேண்டும். மேற்கு மலேசியப் பேராயம் தன் தமிழ்ச் சபைகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளை மின்படியாக்கி, ஆய்வாளர் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும். அது நடக்கும்வரை காத்திராமல், பழைய சபைச் சான்றிதழோ உபதேசியாரின் நாட்குறிப்போ தம் வீட்டில் வைத்திருப்பவர்கள் அதன் படியொன்றைத் தங்கள் சபை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம்.